கும்மிடிப்பூண்டியில் மறந்துபோன சில்லுகள்

சென்னை விமான நிலையத்தில் என் பெட்டியை இறக்கியவர் அதைக் கீழே வைக்கவில்லை, போட்டார். உள்ளே கண்ணாடி நொறுங்குகிற சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. பினாங்கிலிருந்து மடியில் குழந்தையைப் போல வைத்துக் கொண்டுவந்த புற ஊதா விளக்கு அதற்குள்தான் இருந்தது. சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒடஞ்ச சாமானா? அப்போ வரி கெடையாது, போங்க" என்றார். இந்தியா என்னை வரவேற்ற விதம் இது.

எழுபதுகளின் கடைசி அது. பாட்டனார் காலத்திலேயே என் குடும்பம் பினாங்குக்குப் போய்விட்டது. எனக்கு இந்தியா வெளிநாடுதான். ஊர் பார்க்கவோ கோயில் பார்க்கவோ நான் வரவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஆலையின் உலைக்கு எங்கள் சிறிய கம்பெனி கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து கொடுத்திருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டி திடீரென்று தப்பாக நடக்கிறது என்று தந்தி வந்தது. எங்கள் சீன முதலாளி அதைப் படித்துவிட்டு, "நீதான் அதற்கு அம்மா, நீயே போ" என்று ஹொக்கியன் சீன மொழியில் சொன்னார். அந்தப் பெட்டியை வடிவமைத்தவள் நான். அதற்கு முன்பு சில ஆண்டுகள் பெரிய மின்னணுச் சில்லுத் தொழிற்சாலை ஒன்றில் உருப்பெருக்கியில் கண் வைத்துச் சில்லுகளைச் சோதித்தவள். ஆகவே போனால் சரிசெய்துவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெளியே ஆலையின் மின்பிரிவு மேற்பார்வையாளர் வரதராஜன் காத்திருந்தார். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், கையில் என் பெயரை எழுதிய அட்டை. அட்டையில் பெயருக்கு முன்னால் 'திரு' என்று போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் ஏறிய கும்மிடிப்பூண்டி பஸ் புதுவாயலுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. டயர் பஞ்சர். பினாங்கில் பஸ் நின்றால் எல்லாரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே எல்லாரும் இறங்கி டிரைவருக்கு யோசனை சொன்னார்கள். நாங்கள் டீக்கடையில் போய் உட்கார்ந்தோம். எங்கள் ஊர் 'தே தாரே'யைப் போலவே இங்கேயும் டீயை உயரத் தூக்கி ஆற்றுகிறார்கள். ஆனால் எங்கள் ஊரில் குவளை பெரியது. இங்கே ருசி வாய்க்கு வருவதற்குள் கண்ணாடி டம்ளர் காலியாகிவிடுகிறது. இரண்டாவது டம்ளர் வாங்கினேன்.

அங்கேதான் வரதராஜன் முழுக் கதையையும் சொன்னார்.

"உலைக்குள்ள கம்பிச் சுருளை வச்சு சூடு பண்ணி, ஆற வச்சு, கதவு தானா திறக்கணும். இவ்வளவு சூட்டுக்குக் கீழ இறங்கினாத்தான் திறக்கலாம்னு உங்க சிப்புல ஒரு எண் இருக்கு இல்லையா? இப்போ தடிமனான கம்பி போடறோம். அது இன்னும் நல்லா ஆறணும். அதனால நீங்க அனுப்பின எழுதற பெட்டியை வச்சு, புது சிப்புல எண்ணைக் குறைச்சு எழுதினேன். ஒரு வாரம் நன்னா ஓடித்து. அப்புறம் ஒரு மத்தியானம் கதவு முழுச் சூட்டோட திறந்துடுத்து."

"யாருக்காவது அடிபட்டதா?"

"தேவசகாயம்னு ஒருத்தர். வண்டியை இழுக்கக் கதவுக்கு நேரா நின்னுண்டிருந்தார். தாவி விழுந்துட்டார். முழங்கை பொசுங்கிடுத்து, உயிருக்கு ஒண்ணும் ஆகல." வரதராஜன் டம்ளரைக் கீழே வைத்தார். "அவர்தான் கையால சுவிட்சைத் தட்டிக் கதவைத் திறந்துட்டார்னு மேனேஜர் சொல்றார். வேலையை விட்டு நிறுத்தி வச்சிருக்கார். நான் சிப்பை எடுத்துப் படிச்சுப் பார்த்தேன் மேடம். எண் சரியாத்தான் இருக்கு. நான் என்னன்னு சொல்றது?"

பஸ் புறப்பட்டது. பெட்டி தப்பாக நடக்கிறது என்று தந்தியில் எழுதியிருந்தார்களே தவிர, ஒரு மனிதரின் வேலை போயிருக்கிறது என்று யாரும் எழுதவில்லை.

மறுநாள் காலை ஆலை வாசலிலேயே தேவசகாயத்தைப் பார்த்தேன். உள்ளே விடாததால் தினமும் வந்து வாசலில் நிற்பாராம். நாற்பது வயது இருக்கும். வலது கையில் கட்டு. அப்பா காலம் வரைக்கும் நிலத்தில் கூலி வேலை, இவர்தான் முதலில் ஆலைக்கு வந்தவர் என்று வரதராஜன் சொன்னார்.

"நீதான் பொட்டி செஞ்ச அம்மாவா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் சுச்சு மேல கையே வெக்கலமா. நானே தொறந்தேன்னு சொல்றாரு மேனேஜரு. நெருப்பத் தொறந்து மூஞ்சியக் காட்டிக்கினு நிக்க நான் இன்னா பைத்தியமா?"

"பார்க்கிறேன் அண்ணே" என்றேன்.

"பாக்கறதுக்குத்தான் அல்லாரும் வராங்க" என்றார்.

மேனேஜர் எனக்கு நாற்காலி கொடுத்தார், டீ கொடுத்தார், நேரம் மட்டும் கொடுக்க விரும்பவில்லை. "ஆபரேட்டர் தப்பு. அதை எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. இல்லேன்னா பெட்டிகளை எல்லாம் கழட்டித் திருப்பி அனுப்பிடறோம்" என்றார். பெட்டிகள் திரும்பி வந்தால் எங்கள் சின்னக் கம்பெனி எழுந்திருக்காது. எழுதிக் கொடுத்தால் தேவசகாயம் எழுந்திருக்க மாட்டார்.

"முதலில் சில்லைக் கேட்போம்" என்றேன்.

அலுவலக அறை மின்விசிறிக் காற்றில் குளிர்ச்சியாக இருந்தது. சில்லைப் படித்தேன். வரதராஜன் சொன்னதுபோலவே எண் சரியாக இருந்தது. மேனேஜர் புன்னகைத்தார். நான் படிக்கும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் உயர்த்தி மறுபடி படித்தேன். எண் மாறிவிட்டது. முன்பைவிடப் பெரிய எண். பழையபடி இறக்கினேன், சரியான எண் வந்தது. பிறகு சில்லை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் எரியும் பல்புக்குப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றினேன். மின்னழுத்தத்தைத் தொடவே இல்லை. எண் மீண்டும் பெரிதானது. உலை அந்த எண்ணை நம்பினால் முழுச் சூட்டிலேயே கதவைத் திறந்துவிடும்.

மேனேஜரின் புன்னகை போய்விட்டது. "அதெப்படி? ஒரே சிப்பு ரெண்டு பதில் சொல்லுமா?"

"அரைகுறையாக எழுதியிருந்தால் சொல்லும் சார்."

வரதராஜனின் முகம் வெளுத்தது. "நீங்க எழுதி அனுப்பினபடிதான் செஞ்சேன் மேடம், ஒவ்வொரு வரியும்."

"நீங்கள் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். வேறு ஏதோ சரியில்லை" என்றேன். அது எது என்று அப்போது எனக்கும் தெரியாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று தெரியும்.

இந்தச் சில்லு எப்படி நினைவு வைத்துக்கொள்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்குள் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு அறைகள். ஒவ்வொன்றும் நாலாபுறமும் கண்ணாடி போன்ற பூச்சால் மூடப்பட்ட அறை, கதவே கிடையாது. அதிக மின்னழுத்தத்தைத் துடிப்பாகக் கொடுத்தால் மின்னணுக்கள் அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே விழுந்துவிடும். மின்சாரத்தை நிறுத்தினாலும் வெளியே வர முடியாது, ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். மின்சாரம் போனாலும் மறக்காத நினைவு என்பது இதுதான். ஆனால் தள்ளுகிற மின்னழுத்தம் குறைந்தால் கொஞ்சம் மின்னணுக்கள்தான் உள்ளே போகும். குளிர்ச்சியில் அது நிரம்பிய அறை போலத் தெரியும். சூடேறினாலோ படிக்கும் மின்னழுத்தம் ஏறினாலோ காலி அறை போலத் தெரியும், காலி அறை கூடக் கூட எண்ணும் பெரிதாகும். உலைக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்குள் மத்தியானச் சூடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மதியம் ஆலைக் கேன்டீனில் பழவேற்காட்டு மீன் குழம்பு. பினாங்கு மீன் கறியில் தேங்காய்ப் பால் ஓடும், இங்கே புளி ஓடியது. நெற்றி வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டேன். சாப்பாடு முடிந்து திரும்பும்போது மேலே தொங்கிய குண்டு பல்பு மங்கிச் சிவந்தது.

"இது ஏன்?" என்று கேட்டேன்.

"கம்பி இழுக்கற பெரிய மோட்டாரைப் போட்டிருப்பா. இந்த நேரத்துல வயல்ல பம்ப்செட்டும் ஓடும். கரண்ட் படுத்துடும்" என்றார் வரதராஜன். சொல்லிக்கொண்டே நின்றுவிட்டார். நானும் நின்றேன். இருவரும் எழுதும் பெட்டி இருந்த அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம்.

மீட்டரை வைத்துப் பார்த்தோம். இருபத்தாறு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் முள் இருபதைத் தொட்டுக்கொண்டு நடுங்கியது. மற்ற சிறு மின்னழுத்தங்களைப் பெட்டி சமாளித்துக்கொண்டது, சுவரைத் தாண்டித் தள்ளுகிற அந்த ஒன்று மட்டும் சோர்ந்துபோயிருந்தது. வரதராஜன் சில்லுகளை எழுதியதும் மத்தியான வேளையில்தான். எழுதியவுடன் படித்தால் எல்லாம் சரி என்றே பெட்டி சொல்லியிருக்கும். யாரைக் குறை சொல்வது?

மேனேஜரிடம் சொன்னேன். அவர் எழுந்து வந்து மீட்டரைப் பார்த்தார். "நீங்க சொல்றது புரியறது. ஆனா உலை சரியா ஓடினாத்தான் நான் நம்புவேன். ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் அந்த ஆளைப் பத்திப் பேசலாம்."

ஓட்டிக் காட்டப் புதுச் சில்லு வேண்டும். மிச்சமிருந்த எல்லாச் சில்லுகளிலும் வரதராஜன் எழுதிவிட்டிருந்தார். அரைகுறையின் மேலேயே மறுபடி எழுதி ஓர் ஆளை உலைக்கு முன்னால் நிறுத்த எனக்குத் துணிவில்லை, முதலில் அழித்தாக வேண்டும். இவற்றில் ஓர் அறையை மட்டும் அழிக்க முடியாது, அழித்தால் முழுவதும்தான். அதற்குப் புற ஊதா ஒளி வேண்டும். சில்லின் தலையில் சின்னக் கண்ணாடி ஜன்னல் வைத்திருப்பது அதற்காகவே. அந்த ஒளி பட்டால் உள்ளே அடைபட்ட மின்னணுக்களுக்குத் தாண்டி ஓடத் தெம்பு வந்துவிடும். என் விளக்கோ துண்டு துண்டாகிக் கிடந்தது. வெயிலில் வைத்தும் அழிக்கலாம், ஆனால் நாள் கணக்கில் காய வேண்டும்.

"இங்கே கிருமி கொல்லும் விளக்கு யாரிடம் இருக்கும்?" என்று கேட்டேன்.

வரதராஜன் யோசித்தார். "எங்க ஊர் திருவள்ளூர் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர்ல நீலமா ஒண்ணு எரியும். என் தங்கை பிரசவத்தப்போ பார்த்திருக்கேன்."

ஆக, மூன்றாம் நாள் திருவள்ளூர்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் மல்லிகைக் கூடையோடு ஓர் அம்மாள். சில்லுகள் குத்தியிருந்த கறுப்புப் பஞ்சை நான் திறந்து பார்த்தபோது எட்டிப் பார்த்தவர், காலை மேலே தூக்கிக்கொண்டார். "ஐயே, இன்னாதுமா இது, பூரானா?"

இரண்டு வரிசைக் கால்களோடு அது பூரானைப் போலத்தான் இருந்தது. "இல்லக்கா, மிஷினுக்கு மூளை" என்றேன்.

"மூளைக்கு இத்தினி காலா?" என்று கேட்டுவிட்டு, திருவள்ளூர் வரும் வரை என்னைவிட்டுத் தள்ளியே உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரி மேட்ரன் உயரமான பெண்மணி, வெள்ளைச் சேலை, குரலில் இரும்பு. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எங்க விளக்கு கெடுமா?" கெடாது என்றேன். "அந்தக் கை வெந்த ஆளுக்கு வேலை கெடைக்குமா?" கிடைக்கும் என்றேன், கொஞ்சம் துணிந்துதான். "இன்னிக்கு ஆபரேஷன் இல்ல. வாங்க" என்றார்.

மேசை மேல் ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் ஸ்டீல் தட்டை வைத்து, குழல் விளக்குக்கு இரண்டு விரல் இடைவெளியில் சில்லுகளை அடுக்கினேன். அந்த ஒளி கண்ணைக் கெடுக்கும். ஆகவே எல்லாரையும் வெளியே அனுப்பி, கதவுக் கண்ணாடியில் போர்வையைத் தொங்கவிட்டு, வெளியிலிருந்து சுவிட்சைப் போட்டோம். மேட்ரன் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்துகொண்டார். "நாங்க கிருமியைக் கொல்ல வச்சிருக்கோம். நீங்க கணக்கைக் கொல்ல வந்திருக்கீங்க" என்று சிரித்தார்.

அழிந்த சில்லுகளைக் கண்ணாடி ஜன்னலில் காகிதம் ஒட்டி எடுத்துக்கொண்டு வரதராஜன் வீட்டுக்குப் போனோம். தெருவே கோயிலைச் சார்ந்து வாழும் தெரு. அவர் தகப்பனார் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் சமையல் கைங்கரியம். வரதராஜனின் மனைவி பத்மா இலையில் புளியோதரை வைத்தார். பினாங்குக் கோயில்களிலும் புளியோதரை உண்டு, ஆனால் இப்படி மிளகு ஏறியதை நான் தின்றதில்லை.

"அங்கே பொம்மனாட்டிகள் எல்லாரும் இந்த மாதிரி வேலைக்குப் போவாளா?" என்று பத்மா கேட்டார்.

"சில்லுத் தொழிற்சாலையில் பெண்கள்தான் அதிகம். மெல்லிய கம்பியை இணைக்கப் பொறுமை வேண்டுமாம்."

"ஏன், பொறுமை புருஷாளுக்கு வராதாமா?" என்று கணவரைப் பார்த்தார். வரதராஜன் இலையைப் பார்த்துக்கொண்டார். பிறகு பத்மா என்னைத் தனியாக அடுக்களைப் பக்கம் அழைத்துப் போய்ச் சொன்னார்: "ரெண்டு வாரமா இவர் சரியாத் தூங்கல. தன் கையால எழுதினது அந்த மனுஷன் கையைப் பொசுக்கிடுத்துன்னு புலம்பறார். நீங்க எதையாவது பண்ணி அது ஓடிட்டாப் போறும்."

நான்காம் நாள் எளாவூர். சோர்வில்லாத இருபத்தாறு வோல்ட் எனக்கு வேண்டும், அது சுவரிலிருந்து வராது. ஆந்திர எல்லைச் சோதனைச் சாவடியில் லாரிகள் மைல் கணக்கில் நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொரு லாரிக்குள்ளும் பேட்டரி. மூன்றைத் தொடராக இணைத்தால் வேண்டியதைவிட அதிகமாகவே கிடைக்கும். மிச்சத்தைக் குறைத்து நிலையாக நிறுத்த ஒரு சின்னச் சுற்று போதும், அதை முந்தின இரவே செய்து வைத்திருந்தேன்.

சாவடிக்குப் பக்கத்தில் பேட்டரி பட்டறை வைத்திருந்த நாயுடு தம் கூட்டாளியிடம் தெலுங்கில் பேசியதை வரதராஜன் எனக்குச் சொன்னார்: "இந்தப் பெண் லாரி இல்லாமல் பேட்டரி மட்டும் கேட்கிறாள், போலீஸ்காரியாக இருக்குமோ?" நான் சில்லைக் காட்டி விவரம் சொன்னேன். நாயுடு அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இந்தப் பூச்சிக்கு மூணு பேட்டரியா நைனா?" என்று வரதராஜனைக் கேட்டார். "லாரி வண்டிக்கே ரெண்டுதான் போடுவோம்." பிறகு என்னிடம், "கேக்கறதுல ஒரு நாயம் இருக்குதும்மா. நாலே எடுத்துக்கினு போ. ஒண்ணு பேஜாரு பண்ணா இன்னொண்ணு இருக்கும்" என்றார். தேங்காய் ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டி வழியாகப் போன ஒரு லாரியில் எங்களையும் பேட்டரிகளையும் ஏற்றிவிட்டார். தேங்காய்க் குவியலின் மேல் உட்கார்ந்து நான் செய்த பயணம் அது ஒன்றுதான். சொகுசு என்று சொல்ல மாட்டேன்.

ஆலைக்குத் திரும்பி, பேட்டரிகளை எழுதும் பெட்டியோடு இணைத்து எழுத ஆரம்பித்தோம். மீட்டர் முள் இருபத்தாறில் ஆணி அடித்தாற்போல நின்றது. இந்த எழுத்தை ஒரே அழுத்தாக அழுத்திவிட முடியாது. முதல் அறையிலிருந்து கடைசி அறை வரை ஒவ்வொன்றுக்கும் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவான துடிப்பு. பிறகு மறுபடியும் முதலிலிருந்து. இப்படிச் சுற்றுச் சுற்றாக, எல்லா அறைகளும் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்ப வேண்டும். வேண்டுமென்றே வரதராஜனைப் பொத்தானை அழுத்தச் சொன்னேன். அவர் விரல் முதலில் தயங்கியது.

பாதியில் பெரிய மோட்டார் ஓடத் தொடங்கியது. மேலே பல்பு மங்கியது. முள் அசையவில்லை. வரதராஜன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெருமாளே" என்றார், அவ்வளவுதான்.

எழுதிய சில்லை மின்னழுத்தம் உயர்த்திப் படித்தேன், சரியான எண். பிஸ்கட் டின்னில் கை வைக்க முடியாத சூட்டில் படித்தேன், சரியான எண். கண்ணாடி ஜன்னல்களைக் கறுப்பு டேப்பால் மூடினேன்.

ஐந்தாம் நாள் காலை உலையைப் பற்றவைக்க வேண்டும். ஆள் யாரும் முன்வரவில்லை. தொழிலாளிகள் தூரமாகக் கை கட்டி நின்றார்கள். மேனேஜர் வாசலிலிருந்து தேவசகாயத்தை உள்ளே வரவழைத்தார்.

"ஓட்றியா?" என்று கேட்டார்.

தேவசகாயம் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னிடம் வந்தார். "ஏம்மா, இப்ப அதுக்கு நெனப்பு நல்லா கீதா?"

"நல்லா இருக்கு அண்ணே. சூட்டில் வைத்துப் பார்த்துவிட்டேன்."

"அப்ப நீ எங்க நிப்ப?"

"நீங்கள் நிற்கிற இடத்தில்."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு ஓரமாகக் கிடந்த தோல் உடுப்பு ஒன்றை எடுத்து என் தோளில் மாட்டினார். "தெகிரியம் இருந்தாலும் இத்தப் போட்டுக்கமா."

உலை சூடேறியது. பார்வைத் துளைக்குள் கம்பிச் சுருள்கள் சிவந்து கனன்றன. வெயில் கூரைத் தகட்டைக் காய்ச்சியது, கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தொட்டால் சுட்டது. சென்ற முறை கதவு திறந்த அதே கட்டம் நெருங்கியது. தேவசகாயம் கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் எடுத்துக்கொண்டார். என் கால் தானாக அரை அடி பின்னால் போனதைச் சொல்லத்தான் வேண்டும். கணக்கில் எனக்குச் சந்தேகம் இல்லை, காலுக்குக் கணக்கு தெரியாது.

கதவு அசையவில்லை, சுருள்கள் மெல்ல மெல்ல இருண்டன. வெப்பமானியின் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. பழைய எண்ணைத் தாண்டியது. இன்னும் இறங்கியது. புது எண்ணைத் தொட்டதும் 'டக்' என்று ஒரு சத்தம். கதவு நிதானமாக மேலே எழும்பியது. முகத்தில் அடித்தது இட்லிப் பானையைத் திறந்தால் வருகிற அளவு அனல்தான்.

தூரத்தில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். வரதராஜன் தூணில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேனேஜர் அருகில் வந்தார்.

"தேவசகாயம், நீ தொடலைன்னு தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு ஷிப்டுக்கு வந்துடு."

"நாளைக்கா?" தேவசகாயம் நல்ல கையால் கொக்கியை எடுத்து வண்டியில் மாட்டி இழுத்தார். "இன்னிக்கே வந்துக்கினுதானே கீறேன்? டேய், ரெண்டாவது லோடு ஏத்துங்கடா!"

ஆட்கள் ஓடி வந்தார்கள். நான் மறுபடியும் அவர் பக்கத்தில் போய் நிற்கப் போனேன். அவர் என் தோளிலிருந்து தோல் உடுப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டார்.

"நீ இன்னாத்துக்குமா இன்னும் நிக்கற? போய் சோறு துன்னு. இனிமே நாங்க பாத்துக்குவோம்."

அவர் திரும்பி, உலைக் கதவுக்கு நேராகப் போய் நின்றார்.